துக்க வீட்டிலிருந்து போனவர்

ஜெலாப்பாங், ஈப்போ
6.3.2025

அன்புள்ள கலா அண்ணிக்கு மங்களம் எழுதிக்கொள்வது. நான் ஏதோ இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் சுகமா? தைப்பிங்கில் மழை குறைந்ததா? துக்க வீட்டுக் கடிதம், அதனால் மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. குறை நினைக்க வேண்டாம்.

நேற்றோடு முப்பது முடிந்தது. முப்பது முடியாமல் என் கையெழுத்து இன்னொருவர் வீட்டுக்குள் போகக் கூடாது என்று பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா சொன்னார். அதுதான் இத்தனை நாள் எழுதவில்லை. போன் பண்ணலாம் என்றால் வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரருடைய போன் ஒன்று. அவர் பேரில் இருந்த லைனை வெட்டிவிட்டார்கள். அக்காவின் போனில் அண்ணனுக்கு அடித்தால் அணைந்திருக்கிறது, உங்கள் நம்பரையும் அடித்துப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மூன்று தடவையும் அதே மலாய்க்காரப் பெண் சொன்னாள். நம்பர் மாற்றிவிட்டீர்களா?

அவர் போன கதை அண்ணன் சொல்லியிருப்பார். காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் போனார். பத்து மணிக்கு போர்க்லிப்ட் மேலேயே சாய்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தினேன், அன்றைக்குப் பார்த்து டீயில் சீனி போதவில்லை என்றார், நான் எழுந்து போடவில்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை. கொழுந்தன் மகன் தீபன்தான் கொள்ளி வைத்தார்.

அண்ணன் மேல் எனக்கு ஒரு வருத்தம். அடக்கத்துக்கு வந்தவர் அன்றைக்கே போய்விட்டார், சரி. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அது முறை. ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்க வேண்டாமா? கூடப் பிறந்தவர் என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தானே? வந்த எல்லாரும் உன் அண்ணன் எங்கே என்று கேட்டார்கள்.

அண்ணனுடைய பை இங்கேயே இருக்கிறது. சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாராவது தைப்பிங் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மங்களம்

*

தைப்பிங்
12.3.2025

மங்களத்துக்குக் கலாதேவி எழுதுவது. எனக்கு ஒன்றும் இல்லை, கால் வீக்கம் மட்டும்தான். உன் உடம்பைப் பார்.

உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். அண்ணன் இங்கே இல்லை மங்களம். அடக்கத்துக்கு என்று போனவர் திரும்பி வரவில்லை. பதினாறு வரைக்கும் தங்கச்சியோடு இருப்பார் என்று நினைத்தேன். பதினாறு போனது. முப்பதும் முடித்துவிட்டு வருவார் என்று நினைத்தேன். நீ தனியாக இருக்கிறாய், துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று இருந்தேன்.

உன் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் போனார்? யாரோடு போனார்?

கலாதேவி

*

ஜெலாப்பாங்
18.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியது, கேட்கிறேன்.

எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை அண்ணி. பந்தலில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டேன். நாற்காலி எடுக்க வந்த ஆள் சொல்கிறான், வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் சாலைப் பக்கம் நடந்து போனார், நான் அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார், சாவு வீட்டிலிருந்து போகிறவரை எங்கே போகிறீர்கள் என்று எப்படிக் கேட்பது என்று. மற்ற வீட்டு விசேசத்தில் ஒருவர் சொல்லாமல் கிளம்பினால் பத்துப் பேர் கையைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே அவர் வாசலைத் தாண்டும்போது எல்லாரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு வாரம் ஆயிற்று. நீங்கள் அங்கே, நான் இங்கே, நடுவில் அவர் எங்கே?

ராக்காயி அக்காவோடு போலிஸ் பாலாய்க்குப் போய் ஆளைக் காணவில்லை என்று எழுதி வைத்தேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். அம்பத்தாறு வயது ஆள், தானாகப் போயிருக்கிறார், பார்க்கிறோம் என்றார்கள். அடையாளம் கேட்டார்கள். நான் சொல்வதற்குள் அக்கா, "இருபத்தோரு வருசம் ஆர்மியில இருந்தவரு. நடக்கும்போது முன்னால யாரோ லெப்ட் ரைட் சொல்ற மாதிரியே நடப்பாரு, எழுதிக்குங்க" என்றார். அந்தப் போலிஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

அண்ணனின் பையை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். உள்பையில் ஒரு அட்டை. ஈப்போவில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு இடம். பழைய ராணுவக்காரர்களும் அவர்கள் குடும்பமும் வந்து மனசு விட்டுப் பேசுகிற இடமாம். அட்டையில் அவர் வர வேண்டிய நாட்கள் எல்லாம் எழுதியிருக்கிறது. அண்ணன் இப்படி ஒரு இடத்துக்குப் போய்வருவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்து என் வீடு பதினைந்து நிமிசம். ஒரு நாள் கூட ஏறி வந்ததில்லை.

மாடி ஏறிப் போனேன். ஷர்மினி என்று ஒரு பிள்ளை, கவுன்சலர். மரியாதையான பிள்ளை. என் அண்ணன் அர்ச்சுனன் இங்கே வந்தாரா என்று கேட்டேன்.

"அம்மா, வந்தாரா வரலையான்னுகூட நான் சொல்லக்கூடாதும்மா."

"நான் அவரு தங்கச்சி."

"தெரியுதும்மா. ஆனா எழுதிக் குடுத்த பாரத்துல யார் பேரு இருக்கோ அவங்ககிட்டத்தான் பேச முடியும்."

பாரத்தில் இருப்பது உங்கள் பேர் அண்ணி. அதையும் அந்தப் பிள்ளை வாயால் சொல்லவில்லை. மனைவி இருந்தா வரச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னது. நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால் அவருடைய பழைய கூட்டாளிகளின் நம்பர்களை எடுத்து, அங்கே இருக்கும் ஆட்களே தேடுவார்களாம். என் கையெழுத்து செல்லாது. ஒரு நாள் லீவு போடுங்கள். பஸ்ஸில் வந்தால் நான் ஸ்டேசனில் நிற்கிறேன்.

உங்கள் புது நம்பர் எழுத மறந்துவிட்டீர்கள். ராக்காயி அக்காவின் நம்பரை இந்தக் கடிதத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

மங்களம்

*

தைப்பிங்
4.4.2025

மங்களம்,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பதினாலு பெரியவர்களுக்கு நானும் ஒரு இந்தோனேசியப் பெண்ணும்தான். உள்ளே போனதும் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பில்லை. அதனால் எழுது, அதுதான் எனக்கு வசதி.

அண்ணன் எங்கேயும் போகக் கூடியவர்தான். முன்பும் இரண்டு மூன்று நாள் போயிருக்கிறார். ரயில் ஸ்டேசனில் பார்த்தாயா? பசார் பக்கம் பார்த்தாயா? உங்கள் அப்பா இருந்த எஸ்டேட் பக்கம் போய்ப் பார்.

லீவு கிடைக்காது. நான் வந்துதான் என்ன ஆகப் போகிறது?

கலாதேவி

*

ஜெலாப்பாங்
13.4.2025

அன்புள்ள அண்ணிக்கு மங்களம் எழுதுவது.

நாளை சித்திரை. எனக்கு இந்த வருசம் இல்லை. நீங்களாவது ஒரு விளக்கேற்றுங்கள். கால் வீக்கத்துக்கு டாக்டரிடம் காட்டினீர்களா?

நீங்கள் சொன்ன இடமெல்லாம் பார்த்தேன். எஸ்டேட்டுக்கும் போனேன். லயம் இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது, கேட் போட்ட வீடுகள். ஒரு வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம். இங்கே ஒரு ஆள் சுற்றினாரா என்று கேட்டால் யார் நீ என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் அந்த மாடிக்குப் போய்வருகிறேன். குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம். ஷர்மினிதான் வரச் சொன்னது. "உங்களுக்காக வாங்கம்மா" என்றது. எனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். "வியாதி இருக்கிறவங்க மட்டுந்தான் வரணும்னு இல்லம்மா" என்றது. மீ நூடுல்ஸ் பாக்டரியில் எனக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை, அங்கிருந்து அப்படியே மாவு ஒட்டின சட்டையோடு போய்விடுகிறேன்.

வட்டமாக நாற்காலி போட்டிருப்பார்கள். ஒரு மலாய் அம்மா, அவர் வீட்டுக்காரர் இரண்டு வருசமாக வரவேற்பறையில் கதவைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறாராம். ஒரு சீனப் பெண் வரும், இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை, டிஸ்யூ பெட்டியை எல்லாருக்கும் நகர்த்தி வைக்கும். கோகிலன் என்று ஒரு பழைய ராணுவக்காரர் கோப்பி கலக்கிக் கொடுப்பார். "சார்ஜெண்டா ரிட்டயராகி இப்ப கோப்பிக்காரன்லா. இதான் எனக்குக் கிடைச்ச புரமோசன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. புருசன் போய் மூன்று மாசம் ஆகவில்லை, கூடப் பிறந்தவரைக் காணவில்லை, நான் கோப்பி குடித்துச் சிரிக்கிறேன்.

அவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் இல்லாத ஆளைப் பற்றிப் பேசுகிறேன்.

யாரோ சொன்னார்கள் என்று பாகான் டத்தோவுக்கும் போனேன். தென்னந்தோப்பில் வாட்ச்மேன் வேலையில் ஒரு பழைய ஆர்மி ஆள் புதிதாக வந்திருக்கிறார் என்றார்கள். மூன்று பஸ் மாறினேன். தூரத்தில் முதுகைப் பார்த்ததும் அண்ணே என்று கத்திவிட்டேன். திரும்பினால் வேறு ஆள். விக்னேஸ்வரன் என்று பேர். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஆளு வேணும்னா நான் வாரேன்லா, தங்கச்சி. என்னைத் தேடித்தான் ஒருத்தரும் வரல" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

அண்ணி, ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ஒரு மாசம் ஆளைக் காணவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன?

மங்களம்

*

தைப்பிங்
24.4.2025

மங்களம்,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

கேட்டதற்குச் சொல்கிறேன். நம்பரை நான் மறந்து எழுதாமல் விடவில்லை. அவருடைய போன் தொல்லையால்தான் மாற்றினேன். வேலைக்குப் போனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார், கதவு பூட்டியிருக்கா, பின்வாசல் பூட்டியிருக்கா? போனை வாங்கி வைத்தால் ஆபிஸ் போனுக்கு அடிப்பார். ஒரு நாள் நாற்பது தடவை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உன் புருசனா நீயா, யாரை நான் வேலைக்கு வைத்திருக்கிறேன் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் என்னை அடித்ததில்லை. அதை உனக்கு நான் சொல்லியாக வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருசமாக எங்கள் வீட்டில் சன்னல் திறந்ததில்லை. சந்தையிலிருந்து நான் வந்தால் பையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். அதையும் செய்துவிட்டு, "தப்பா நினைக்காத கலா" என்பார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. கெட்டவராக இருந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

உன் புருசன் போன சேதி வந்த அன்று நான்தான் அவருக்குப் பையைக் கட்டிக் கொடுத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய். நான் கேட்கவே இல்லை. அவர் பஸ் ஏறினதும் வீட்டுக்கு வந்து எல்லா சன்னலையும் திறந்தேன். மழைச்சாரல் உள்ளே வந்தது, அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினேன். பதினாறு நாள் தூங்கினேன். பிறகு முப்பது நாள். இன்னும் கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் மங்களம். உன் வீட்டு சாவில் எனக்கு லீவு கிடைத்தது என்று நினைத்தேன். இதைக் கடவுள் கேட்டுக்கொண்டிருந்தார் போல.

கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடாதே. ஆளைக் கண்டுபிடித்தால் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து விடுவார்கள்.

கலாதேவி

*

ஜெலாப்பாங்
28.4.2025

அண்ணி,

சுகமாக இருங்கள். நான் கிழித்துப் போடவில்லை. முதலில் கோபம் வந்தது, ராக்காயி அக்காவிடம் உங்களைத் திட்டினேன். "நீ ஒரு மாசம் அந்த மனுசனோட இருந்து பாரு, அப்புறம் பேசு" என்று அக்கா என் வாயை அடைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஷர்மினியிடம் கேட்டேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. ஒரு பெண்சாதி கையெழுத்துப் போட்டால் புருசனை அவள் தலையில் கட்டிவிடுவீர்களா என்று. "இல்லம்மா. எங்க தங்கணும்னு அவங்கவங்க முடிவு பண்றது. யாரையும் யார் வீட்டுலயும் கொண்டுபோய் விட மாட்டோம்" என்றது. நான் இரண்டாவது தடவையும் கேட்டேன். இரண்டாவது தடவையும் அதேதான் சொன்னது.

கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் சன்னலைத் திறந்துபோட்டே தூங்குங்கள். அவர் வந்தால் என்னோடு இருக்கட்டும். உங்களிடம் அனுப்ப மாட்டேன். இது என் புருசன் மேல் சத்தியம்.

மங்களம்

*

ஜெலாப்பாங்
30.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாசமாக உங்கள் பதில் இல்லை. அதற்காக இதை எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பாலாயிலிருந்து அக்காவின் போனுக்கு அடித்தார்கள். ஆற்றோரம் ஒரு ஆள், அம்பது அறுபது வயது, இந்தியர், அடையாளம் சொல்ல ஐசி இல்லை, வந்து பார்க்க முடியுமா என்று. அக்கா தன் வீட்டுக்காரரின் காரில் கூட்டிப் போனார். ஒரு அறை. மேலே துணி போர்த்தியிருந்தது. அந்தத் துணியை ஒருவர் எடுப்பதற்குள் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எழுத முடியாது.

அண்ணன் இல்லை. யார் பெற்ற பிள்ளையோ. அண்ணன் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது.

அண்ணி, நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லவில்லை. மூன்று மாசமாக உங்களை மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவர் அண்ணன். நீங்கள் பையில் வைத்துக் கொடுத்த சேலைதான். ஐயர் நேரம் ஆகிறது என்று கத்துகிறார். வண்டி வந்து நிற்கிறது. கோடியை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவரைக் காணோம். தேடினால் பின்பக்கம் சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். சேலையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருக்கிறார். பிரிக்கிறார், மடிக்கிறார். தீபன் போய்க் கூப்பிட்டார், "வாங்க மாமா, எல்லாரும் நிக்கிறாங்க" என்று. அண்ணன், "அந்தத் துணிய என்னால போட முடியாதுடா. வேற யாரையாச்சும் போடச் சொல்லு" என்றார். பந்தலில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆர்மிக்காரருக்குப் பொணத்தைக் கண்டு பயமாம் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கடைசியில் வேறு யாரோ ஒரு துண்டை என் மேல் போட்டார்கள். பிறந்த வீடு இல்லாதவளுக்குப் போடுகிற மாதிரி.

அப்போது நான் எழுந்து பின்பக்கம் போனேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஒரு துணி போடத் துப்பில்ல. இவருக்குப் பதிலா நீ போயிருந்தா யாருண்ணே அழுதிருப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். சேலையை என் கையில் கொடுத்தார். வாசலில் வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன், கூட்டத்தோடு நின்றார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சொல்லிக்கொண்டு போகாதது முறை, முறை என்று உங்களுக்கும் போலிஸுக்கும் சொல்லிவந்தேன். அவர் ஏன் போனார் என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

மங்களம்

*

தைப்பிங்
21.6.2025

அன்புள்ள மங்களத்துக்குக் கலா அண்ணி எழுதுவது. முதலில் இதைப் படி: அண்ணன் உயிரோடு இருக்கிறார். உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைப் படி.

உன் ஏப்ரல் கடிதத்தை நான் ஒரு மாசம் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். மே 28, புதன்கிழமை, எனக்கு ஓய்வு நாள், ஈப்போவுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மாடிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கோகிலன் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டே நாள், மங்களம். நீ மார்ச்சில் கேட்டபோது நான் வந்திருந்தால் நீ அந்தத் துணிக்கு முன்னால் நின்றிருக்க வேண்டாம்.

ஆர்மியில் கூட இருந்த ஒருவர் அவருக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்துத் தங்க இடமும் கொடுத்திருக்கிறார். எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். பாலாய்க்கும் போய், நான் இருக்கிறேன், தேட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அவரை நேரில் பார்க்கிற வரைக்கும் எழுதவில்லை, பார்த்த பிறகும் பத்து நாள் எழுதாமல் இருந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

11ஆம் தேதி அந்த மாடியில் அவரைப் பார்த்தேன். ஷர்மினி நடுவில் உட்கார்ந்திருந்தது. இளைத்துப் போய்விட்டார், பல் ஒன்று விழுந்திருக்கிறது. ஐ.நா. அமைதிப் படையோடு போய் போஸ்னியா சண்டையில் இவர் ஆம்புலன்ஸ் ஓட்டினது உனக்குத் தெரியும். அங்கே வண்டியில் ஏற்றுவதற்கு முன் இறந்தவர்கள் மேல் துணி போடுவது இவர் வேலையாம். முப்பது வருசத்துக்கு மேல் இவரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. ஒரு தடவை துணியைப் போட்ட பிறகு அந்த ஆள் அசைந்தாராம். அதற்கு மேல் சொல்லவில்லை. ஷர்மினியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கடைசிக் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று நான் யோசிக்கும்போதே அவராகவே நீ சொன்ன வார்த்தையைச் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல்.

மங்களம் ஆத்திரத்தில் பேசிவிட்டாள், தினமும் உங்களைத் தேடி அலைகிறாள், இங்கே சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

"அவ மேல எனக்குக் கோவம் இல்ல கலா. அந்தக் கேள்விய நான் ரொம்ப வருசமா எனக்குள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்தவங்க வாயில கேட்டது அன்னிக்குத்தான்."

"அப்ப போய்ப் பாருங்களேன்."

"அவளைப் பார்த்தா அந்தக் கேள்விதான் வருது. இங்க வந்து உக்காந்தா கொஞ்சம் நிக்குது. நின்னா நல்லாருக்கு. அவளை வரச் சொல்லாத."

இதை உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் பத்து நாள். உன்னை மன்னிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நீ வந்து காலில் விழலாம். இதற்கு என்ன செய்வது? நான் ஷர்மினியைக் கேட்டேன். இப்போதைக்கு அவர் சொன்னபடி விடுங்கள் என்றது. எவ்வளவு நாளைக்கு என்றேன். தெரியாது என்றது.

அவரை நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. புதன்கிழமைகளில் அந்த மாடிக்குப் போய் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போன வாரம் அவருக்குப் பசியாற இட்லி கொண்டு போனேன். சாப்பிட்டார்.

என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. உன் புருசன் காரியத்துக்கு வராமல் போனேன், உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு முகமில்லை.

உன் அண்ணி,
கலாதேவி

*

ஜெலாப்பாங்
3.7.2025

அன்புள்ள அண்ணிக்கு மங்களம் எழுதிக்கொள்வது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அழுது தீர்த்தேன். பிறகு சோறு வடித்துச் சாப்பிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு வயிறு கேட்டது. உங்கள் நம்பரை அக்காவின் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், அடிக்கவில்லை. பேசினால் என்ன ஊர் என்று கேட்டுவிடுவேன். நீங்களும் சொல்லிவிடுவீர்கள்.

சனிக்கிழமை மாடிக்குப் போனேன். எனக்குத் தெரியும் என்று ஷர்மினியிடம் சொல்லவில்லை. அது என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. கோகிலன் கோப்பி கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. பாவம், பகிடி ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது, என் அண்ணன் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சீனப் பெண் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

உங்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட என் கண்ணில் ஒட்டிக்கொண்டது ஒரே வார்த்தை. புதன்கிழமை. நீங்கள் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள்.

அதை ராக்காயி அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எதுத்தாப்புல ரொட்டி சானாய் கடை இருக்குல்ல? உள்ள உக்காந்து டீயக் குடி. அவரு போறத வர்றத பாத்துட்டு வந்துடு. தூரமா நின்னு பாத்தா குத்தமா? அவரென்ன மூலஸ்தானத்துச் சாமியா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மாடிப்படி ஏறும்போது முதுகை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த லெப்ட் ரைட் நடையைப் பார்த்தால் போதும் என்று.

நேற்று புதன். பாக்டரியில் தலைவலி என்று சொல்லிவிட்டேன். குளித்துச் சேலை மாற்றினேன். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வந்தது, கதவு திறந்தது. டிரைவர் என்னைத் தெரிந்தவர்தான், சனிக்கிழமை ஓட்டுகிறவர். "என்னக்கா, இன்னிக்குமா?" என்றார். நான் ஒரு காலை மேலே வைத்தேன். அந்தக் கேள்வி அண்ணன் தலைக்குள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் இது என்று அப்போது தோன்றிவிட்டது. தற்செயலாகத் திரும்பி அவர் என்னைப் பார்த்துவிட்டால்? காலை இறக்கிவிட்டேன். "ஏறல தம்பி, போ" என்றேன்.

வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்க்காமல் சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி, நேற்று இறங்கிவிட்டேன். அடுத்த புதன் இறங்குவேன் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு என் மேல் அந்த நம்பிக்கை இல்லை. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஷர்மினியிடம் சொல்லி அவருடைய நாளை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் ஓய்வு நாளையும் மேனேஜரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியாயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எந்த நாள் என்று எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மங்களம்